சாலை தீர்ந்துபோகிற ஊரில் ஒரு டூரிங் வண்டி

1

தூத்துக்குடியிலிருந்து எனக்குப் போன் செய்கிறவர்கள் இத்தனை வருடம் கழித்தும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஏல துரை, அங்க நம்ம ரூவா செல்லுமா?" செல்லும் ஐயா, செல்லும். அதைச் சம்பாதிக்கத்தான் இங்கே கிடக்கிறேன். போர்ட் பிளேர் இந்தியாவில்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். ஆனால் கப்பலில் ஏறினால் மூன்று நாள் தண்ணீர் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. ஊருக்குப் போகிறவர்கள் இங்கே ஊர் பெயரைச் சொல்வதில்லை, "மெயின்லேண்ட் போறேன்" என்பார்கள். வெளிநாடு என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் ஏ.சி. மெக்கானிக். ஃப்ரிட்ஜ், ஐஸ் ஃபேக்டரி, மீன் வைக்கிற குளிர் அறை எல்லாம் பார்ப்பேன். இங்கே உப்புக்காற்று எனக்குத் தொழில் கூட்டாளி. அது கெடுக்கும், நான் சரி செய்வேன், நான் படியிறங்குவதற்குள் அது மறுபடி ஆரம்பித்துவிடும். போன மாதம் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில் ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். ஏணியும் தோளுமாகப் போனேன். வாசலிலேயே விற்பனைக்காரன் பிரசாத் என் கையைப் பிடித்துக்கொண்டான். தெலுங்கு வீட்டுப் பிள்ளை, பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே, தமிழையும் ஹிந்தியையும் ஒரே மூச்சில் பேசுவான்.

"துரை அண்ணா, ஏ.சி. பாத் மே, அப்புறம் பாக்கலாம். முதல்ல இத தேக்கோ."

பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

என்னிடம் இருக்கிற வண்டியின் புது மாடல், தூரப் பயணத்துக்கென்றே செய்த டூரிங் வண்டி. முன்னால் காற்றுத் தடுக்கிற கண்ணாடி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், கல்யாண வீட்டு அண்டா அளவுக்கு டேங்க். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

"டேங்க் ஃபுல் பண்ணுங்க அண்ணா, நிக்காம நானூறு கிலோமீட்டர் போலாம். ஏக்தம் மக்கன் மாதிரி, வெண்ணெய்!"

"எங்கடே போறது?"

பிரசாத் உண்மையிலேயே யோசித்தான். தெற்கே சிடியாடாப்பு போனால் ஒரு மணி நேரத்தில் கடல். மேற்கே வண்டூர் போனால் அதற்குள்ளாகவே கடல். வடக்கே பாராடாங் பக்கம் போனால் பழங்குடிகள் வாழ்கிற காடு. அங்கே எல்லா வண்டிகளையும் வரிசையாக விட்டு முன்னாலும் பின்னாலும் போலீஸ் வரும், நிற்கவும் கூடாது, முந்தவும் கூடாது, பைக் ஓட்டவே கூடாது. ஒரு தடவை பாராடாங்குக்கு ஃப்ரீசர் சரி பார்க்கப் போனபோது என் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டு நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். டூரிங் வண்டி அன்றைக்கு நன்றாகவே டூர் போனது.

"ஊருக்குள்ளயே ரவுண்ட் அடிக்கலாம்" என்றான் பிரசாத் கடைசியில், குரல் இறங்கிப்போய்.

2

என் பழைய வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்கு அடுத்த வருடம் அதை ஒரு கப்பற்படைக்காரரிடமிருந்து வாங்கினேன். அவருக்கு மாற்றல் வந்திருந்தது. இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது மாற்றல் வந்துவிட்டது, அல்லது ஒரேயடியாக மெயின்லேண்ட் போகிறார் என்று தெரிந்தால், அவர் பெட்டி கட்டுவதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் வந்து சாமான் சொல்லி வைத்துவிடுவார்கள். கட்டில் எனக்கு, கிரைண்டர் எனக்கு, மீன் தொட்டி என் மகனுக்கு. கப்பலில் ஏற்றுகிற தொல்லைக்கு விற்றுவிட்டுப் போவதுதான் மேல் என்பதால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் அரிவாள்மனை தவிர எல்லாமே இப்படிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனவைதான்.

வண்டியின் டேங்க் முழுக்க அந்தக் கப்பற்படைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர்கள். லடாக், மணாலி, ராஜஸ்தான் பாலைவனம். அவற்றைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் நாங்கள் குடியிருக்கிற ஷாதிபூரில் பாதிப் பேர் நான் லடாக் போனவன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். "அங்க குளிர் எப்படி துரை பாய்?" என்று கேட்டால், "தாங்காது" என்பேன். குளிர் அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு இதைச் சொல்ல உரிமை இல்லையா என்ன.

இப்போது அதற்கு வயதாகிவிட்டது. சைலன்சர் உப்பு அரித்து மூன்று இடத்தில் ஒட்டுப்போட்டாயிற்று. ஹாரன் அடிக்க வேண்டுமென்றால் பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டும். ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் ஆய்வு செய்கிற அதிகாரி ஹாரன் அடிக்கச் சொல்கிறார், பிறகு பிரேக் பிடிக்கச் சொல்கிறார். நான் இரண்டையும் ஒன்றாகவே செய்து காட்டுகிறேன். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார். "லடாக் போய்வந்த வண்டியா?" என்றார் ஹிந்தியில். "ஆமாம் சார்." "அப்போ ரிப்பேர் பண்ணிக்கொண்டு வா." லடாக்குக்கும் ஹாரனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆகவே புது வண்டி வாங்குவதில் ஒரு நியாயம் இருந்தது. டூரிங் வண்டியாகத்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டால் அதில் நியாயம் இல்லை, ஆசை இருந்தது. ஆசைக்கு என்ன நியாயம் வேண்டிக் கிடக்கிறது?

3

அதோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. கப்பல் டிக்கெட் கொடுக்கிற இடத்துக்கு வேறு வேலையாகப் போனவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கவுன்ட்டரில் இருந்தவரிடம் கேட்டேன்: "சென்னைக்கு பைக் கொண்டு போகணும்னா என்ன செய்யணும்?"

"டிரான்ஸ்ஃபர் ஆர்டர் இருக்கா?"

"இல்ல, நான் கவர்மென்ட் இல்ல."

"வீட்டுச் சாமான் எவ்வளவு?"

"சாமான் இல்ல, பைக் மட்டும்."

"சாமான் இல்லாம ஏன் போறீங்க?"

"நான் போகல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சும்மா தெரிந்துகொள்வதற்காக அங்கே வரிசையில் நின்ற முதல் மனிதன் நான்தான் போலிருக்கிறது. அதைவிட மோசம், எனக்குப் பின்னால் நின்றிருந்தது மண்டல் தாதா. எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி, தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். நல்ல மனிதர். மீன் வாங்கப் போனால் எனக்கும் சேர்த்து வாங்கி வருவார். ஆனால் அவர் காதில் விழுந்த சேதியை அவரால் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, தெருவிலேயே இறக்கிவைத்துவிடுவார்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டினார். "துரை பாய், ஃப்ரிட்ஜ் மேரே லியே ரக்னா." ஃப்ரிட்ஜை எனக்காக வைத்திரு என்று அர்த்தம். நான் எங்கேயும் போகவில்லை என்றேன். "டீக் ஹை, டீக் ஹை" என்று, சரி சரி என்கிற மாதிரி, கண்ணடித்தார். ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் பார்க்கிற மெக்கானிக் வீட்டு ஃப்ரிட்ஜ் பிரமாதமாக இருக்கும் என்று அவருக்கு நினைப்பு. அது ஆறேழு செத்த ஃப்ரிட்ஜ்களின் உறுப்புகளால் உயிர் வாழ்கிறது. அதன் கதவைத் திறக்க ஒரு முறை இருக்கிறது, அது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

அதன்பிறகு வரிசை. பின்தெரு டீச்சர் வந்து கிரைண்டரைச் சுற்றிப்பார்த்து, "கல்லு கொத்தி ரொம்ப நாள் ஆகுது போல" என்று குறை சொன்னார். விற்காத கிரைண்டருக்குக் குறை! வீட்டுக்காரச் சேச்சி புதிதாக வரப்போகிற குடித்தனக்காரர்களை அழைத்துவந்து என் சமையலறையில் நிற்கவைத்து மலையாளத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர் என் தட்டைப் பார்த்து, "தண்ணி எப்பெப்போ வரும்?" என்று கேட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் என்று நானே பதில் சொல்லித் தொலைத்தேன்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள்மேல் தப்பில்லை. சாலை கடலில் முடிகிற ஊரில் ஒருவன் நிற்காமல் நானூறு கிலோமீட்டர் போகிற வண்டியை விலை விசாரிக்கிறான், அதைக் கப்பலில் ஏற்ற வழி கேட்கிறான். அவன் போகிறான் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்?

4

தெய்வானை ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று கொள்ளலாம், அது ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் நான்தான்.

அவள் கதை என் கதை மாதிரி இல்லை. நான் பிழைக்க வந்தவன், கோபம் வந்தால் ஊர் இருக்கிறது. அவள் பிறந்தது சிலோன் தேயிலைத் தோட்டத்தில். தோட்டத்துத் தமிழர்களைத் திருப்பி அனுப்பியபோது கைக்குழந்தையாக ஒரு கப்பலில் ராமேஸ்வரம் வந்தாள். முகாமில் நடை பழகினாள். பிறகு இன்னொரு கப்பலில் இங்கிருந்து தெற்கே இருக்கிற கச்சல் தீவு, அங்கே அவள் அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டுகிற வேலை. நான் அங்கே ரப்பர்த் தோட்டத்து ஜெனரேட்டர் பார்க்கப் போய்த்தான் அவளைக் கட்டினேன், கல்யாணத்துக்குப் பிறகு அங்கேயே குடியிருந்தோம். சுனாமி வந்த காலையில் நாங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மேட்டுக்கு ஓடினோம். அவள் அம்மா கரையோரம் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பவில்லை. மூன்றாவது கப்பலில் எங்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று கப்பலிலும் அவளை யாரும் வருகிறாயா என்று கேட்கவில்லை.

கிரைண்டர் டீச்சர் போன அன்று, வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எப்பங்க போறோம்?"

"யாரு போறா?"

"தெருவே சொல்லுது. எனக்குத்தான் கடேசியாத் தெரியணுமா?"

"அவனுக பேச்சக் கேட்டுட்டு... நான் ஒரு வண்டி வாங்கலாமான்னு பாக்கேன். அவ்வளவுதான்."

"என்னாத்துக்கு அம்மாம்பெரிய வண்டி? இங்க எங்க ஓட்டப்போறீங்க? பிள்ளைய அங்க படிக்க அனுப்பியாச்சு. இப்ப வண்டி. அப்புறம் நம்ம. அப்பிடித்தானே? போகலேன்னா போகலேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்களேன்."

ஒரு வார்த்தைதான். 'போகல' என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "பாப்போம்."

பார்ப்போம்! நம் ஆட்கள் பெண் பார்க்கப் போய்ப் பிடிக்காவிட்டாலும் பார்ப்போம், கைமாற்று கேட்டவனை விரட்டவும் பார்ப்போம். சொல்கிறவனுக்குச் சௌகரியம். கேட்கிறவளுக்கு என்ன ஆகும் என்று எந்தப் பயலுக்கும் தோன்றுவதில்லை. ஆனால் நான் மழுப்பவில்லை, எனக்கே தெரியவில்லை என்பதுதான் விஷயம். மகள் கப்பல் ஏறிய நாளிலிருந்து எனக்குள் ஏதோ ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் கிடந்தது.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கப்பாகிட்டயும் பாப்போம் பாப்போம்னுதான் சொன்னாங்க. சொல்லிக்கிட்டே கப்பல்ல ஏத்துனாங்க. உங்களுக்கு அங்க ஊரு இருக்கு. அண்ணன் தம்பி இருக்காக. எனக்கு யாரு இருக்கா? எங்கம்மா இந்தக் கடல்லதான் கெடக்கு. நான் இந்தக் கடல விட்டுட்டு வரமாட்டேன். வேணும்னா நீங்க போங்க."

மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

5

மகள் நித்யாவுக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூரில் கல்லூரி. விடுமுறைக்கு வருவாள் என்று மண்டல் தாதாவிடம் நண்டு சொல்லி வைத்திருந்தோம். கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று போன வாரமே சொல்லிவிட்டாள். பிறகு பார்த்தால் சிநேகிதிகளோடு ஊட்டியில் நிற்கிற படம் வருகிறது. ஊட்டிக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது.

"அரே அப்பா, சச் மே? நெஜமா டூரிங் பைக்கா? சூப்பர்! ஆனா அதுல ஹாஸ்டலுக்கு மட்டும் வந்துராதீங்க, ப்ளீஸ்."

"ஏன், அப்பன் வந்தா என்ன?"

"ஏற்கெனவே என்னைய ஹிந்திக்காரின்னுதான் கூப்பிடுறாங்க. நீங்க வேற ஹெல்மெட்ட போட்டுக்கிட்டு வாட்ச்மேன்கிட்ட கேட்டத் தொறக்கச் சொல்லி 'பையா, கேட் கோலோ'ன்னுவீங்க."

சொல்வேன்தான். போன தடவை தூத்துக்குடி போனபோது மளிகைக் கடையில் ஹிந்தியில் அண்ணனைக் கூப்பிடுகிற பழக்கதோஷத்தில், "பையா, வெங்காயம் எவ்வளவு?" என்றேன். கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. அவர் வெங்காயத்தை எடுத்து எறியாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. அண்ணன் வீட்டில் நான் பேசப்பேச அவன் பிள்ளைகள் சிரித்தன. இங்கே ஹிந்தியில் பேசினால் தமிழ் வருகிறது என்று சிரிக்கிறார்கள், அங்கே தமிழில் பேசினால் ஹிந்தி வருகிறது என்று சிரிக்கிறார்கள். நான் வாயைத் திறந்தாலே யாருக்கோ திருவிழா.

"அப்பா," என்றாள் நித்யா, கொஞ்சம் குரலைத் தணித்து, "நீங்க இங்க வந்துரலாம்னு பாக்குறீங்களா? எனக்காகன்னா வேணாம்பா. நான் படிச்சு முடிச்சு எங்க இருப்பேனோ எனக்கே தெரியாது. அம்மா பாவம்."

பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதை இப்படி முகத்தில் அடித்தமாதிரியா சொல்ல வேண்டும்? வலித்தது. ஊட்டியில் குளிருமே, ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை பிரசாத் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தான். ஏ.சி.யை நான் இன்னும் முழுதாகச் சரி செய்யவில்லை, அதனால் அவனால் மறுக்க முடியவில்லை. தெய்வானையை வருகிறாயா என்று கேட்டேன். வரமாட்டாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். "வாரேன். குடியக் கெடுக்க வந்தது எதுன்னு நானும் பாத்துக்கிறேன்" என்று சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

பின்சீட்டு ஏறக்குறைய அவள் மார்பு உயரத்தில் இருந்தது. பிரசாத் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். "ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் கால் போட்டு..." என்று ஆரம்பித்தவன் அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். ஒருபக்கமாகத்தான் உட்கார்ந்தாள். கால் வைக்க இடம் இல்லாததால் பெட்டியின்மேல் வைத்தாள். "ஆன்ட்டி, ஸ்கிராட்ச்!" என்று பிரசாத் அலறுவது பின்னால் தேய்ந்து மறைந்தது.

வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. பர்மாநாலா தாண்டிக் கடலோரமாகப் போகையில் காற்று முகத்தில் அடிக்கவில்லை, கண்ணாடி தடுத்துவிடுகிறது. பழைய வண்டியில் கத்திப் பேச வேண்டும், இதில் சாதாரணமாகப் பேசலாம். ஆனால் பேச்சுத்தான் இல்லை. அவள் என் தோளைப் பிடிக்காமல் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

சிடியாடாப்பில் தார் ரோடு முடிந்து கடற்கரைக்கு ஒரு இறக்கம் உண்டு. விவரம் தெரிந்தவன் மேலேயே நிறுத்துவான். எனக்கு, இது என்ன சாதாரண வண்டியா, எங்கும் போகும் என்று ஒரு திமிர். இறக்கினேன். வண்டி அழகாக இறங்கியது, மணலில் முன்சக்கரம் புதைந்து, கடலைப் பார்த்தபடி நின்றது. திருப்ப இடமில்லை, சுனாமியில் விழுந்த பெரிய மரங்கள் இரண்டு பக்கமும் கிடந்தன. பின்னால் தள்ளலாம் என்று பார்த்தால் என் கால் விரல்தான் தரையைத் தொடுகிறது. தெய்வானை குதித்து இறங்கினாள். நானும் இறங்கி இழுத்தேன். அசையவில்லை. பிரசாத்தைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், வண்டிக்கு ரிவர்ஸ் கியர் வைக்காதவனின் பாட்டன் முப்பாட்டனையெல்லாம் திட்டினேன். பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் உதவிக்கு வருகிறாரே என்று நினைத்தேன். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

தெய்வானை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். பிறகு பெட்டியைப் பிடித்து ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள்.

"என்னா கனம் இருக்கும் இது?"

"நீயும் நானும் சேந்த கனத்தவிடக் கூட."

சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அப்ப வாங்குங்க" என்றாள்.

"என்னது?"

"வாங்குங்கன்னேன். இந்தக் கனத்த எந்தக் கப்பல்ல ஏத்துவீங்க? இது எங்கயும் நகராது. இங்கதான் கெடக்கும். இது கெடந்தா நீங்களும் இங்கனயே கெடப்பீங்க. வாங்குங்க."

துறைமுகத்தில் கிரேன் லாரியையே துணி மூட்டை மாதிரி தூக்கிக் கப்பலுக்குள் வைக்கும் என்று எனக்குத் தெரியும். படகுத்துறையில் ரப்பர் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு மாதிரிதான் இருந்தது, ஆனால் உதடு நடுங்கியது. இவளை இத்தனை நாள் இப்படி நிற்கவைத்திருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

"நான் எங்கயும் போகல தெய்வானை."

"என்னா?"

"போகலன்னேன். ஊருக்கும் போகல, எங்கயும் போகல. நாம இங்கதான் இருக்கப் போறோம்."

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்தாள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, விளக்குக்கு இரண்டு பக்கமும் கை வைத்தாள். நான் கைப்பிடியைப் பிடித்தேன். இப்போது நேருக்கு நேர் நிற்கிறோம், நடுவில் வண்டி.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"மொதல்ல தள்ளு. மூச்சு வாங்குது எனக்கு."

"தள்ளிக்கிட்டே சொல்லுங்க."

ஏற்றம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.